எட்டு அசையில் ஒரு போர்: டாங்காவிலிருந்து லிண்டி வரை

சனி, டாங்கா

தான்சானியாவின் கடற்கரையை வடக்கிலிருந்து தெற்காக இறங்கி வருவதாகத் திட்டம். இந்தக் கரையை ஜெர்மானியர் பிடித்த கதையை அந்தக் காலத்துச் சுவாஹிலிக் கவிஞர்களே நெடும்பாட்டாக எழுதி வைத்திருக்கிறார்கள். எந்த ஊரில் நடந்ததை எந்தப் பாட்டு சொல்கிறது என்று வரிசைப்படுத்திப் பார்த்தால், 1888இல் பங்கானியில் தொடங்கி 1905இல் லிண்டிக்கு மேற்கேயுள்ள காடுகளில் போய் நிற்கிறது. சாலையும் அதே வரிசையில்தான் தெற்கே போகிறது. பையில் இரண்டு பாட்டுகளின் நகல்கள் இருக்கின்றன. ஒன்று ஹெமெதி பின் அப்துல்லா அல்-புஹ்ரி எழுதியது. இன்னொன்று லிண்டிக்காரர் அப்துல் கரீம் பின் ஜமாலுத்தீன் எழுதியது. இரண்டையும் அவை நடந்த மண்ணில் வைத்துப் படிக்க வேண்டும் என்பது ரொம்ப நாள் ஆசை.

நான் தங்கியிருக்கும் வீட்டுக்காரரின் மாமா மாலையில் வந்தார். பள்ளிக்கூடத்தில் சுவாஹிலி கற்பித்து ஓய்வுபெற்றவர். "ஷிகமூ, ம்வாலிமு" என்றேன். "மரஹபா" என்று ஏற்றுக்கொண்டு, நேராகத் தெருமுனைக் காபிக்காரரிடம் கூட்டிக்கொண்டு போனார். கரி நெருப்பின்மேல் பித்தளைக் கெண்டி, உள்ளங்கைக்குள் அடங்கும் கோப்பைகள், கசந்த காபி, கடித்துக்கொள்ள கஷாட்டா என்ற கடலை மிட்டாய். பெஞ்சில் ஏற்கெனவே நாலைந்து பெரியவர்கள் அரசியல் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் எதற்காக வந்திருக்கிறேன் என்று ஆசிரியர் சொன்னதும் பேச்சு பாட்டின் பக்கம் திரும்பிவிட்டது.

இந்தப் பாட்டு வகைக்கு உட்டென்ஸி என்று பெயர். வடக்கே லாமு பக்கம் உட்டெண்டி என்பார்கள். ஒரு செய்யுளுக்கு நான்கு துண்டுகள், ஒவ்வொரு துண்டிலும் எட்டு அசை. முதல் மூன்று துண்டுகளும் தங்களுக்குள் இயைபு கொள்ளும். நான்காவது துண்டின் இயைபு மட்டும் அந்தச் செய்யுளோடு முடியாது, பாட்டின் முதல் செய்யுளிலிருந்து கடைசிச் செய்யுள் வரை அதே ஒலிதான் வர வேண்டும். ஆயிரம் செய்யுள் இருந்தால் ஆயிரம் முறை. ஆசிரியர் விரல் மடக்கி எட்டு எண்ணிக் காட்டினார். பிறகு எண்ணுவதை விட்டுவிட்டு ராகம் போட்டுப் பாடினார். அவர் எடுத்தது மன்னர்களின் கதையோ போரோ இல்லை. பட்டே தீவின் சியூ ஊர்த் தலைவரின் மனைவி ம்வானா குபோனா 1858இல் தன் மகளுக்கு எழுதிய அறிவுரைப் பாட்டு. நான்காவது துண்டு வந்தபோதெல்லாம் பெஞ்சில் இருந்தவர்கள் வாய்க்குள் கூடவே முடித்தார்கள். கேட்கிறவர்கள் சேர்ந்துகொள்வதற்கென்றே அந்த மாறாத இயைபு இருக்கிறது என்று அப்போது தெரிந்தது. காகிதத்தில் படிக்கும்போது அது வெறும் விதியாகத்தான் தெரிந்தது.

போர்ப்பாட்டும் இந்த யாப்புக்குப் புதிதல்ல. 1728இல் பட்டே தீவில் ம்வெங்கோ என்ற புலவர், நபிகளின் படைக்கும் பைசாந்தியப் பேரரசன் ஹெராக்ளியஸின் படைக்கும் நடந்ததாகச் சொல்லப்படும் போரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட செய்யுள்களில் பாடினார். அதற்கு 160 ஆண்டு கழித்துப் புதிதாக ஓர் எதிரி கப்பலில் வந்து இறங்கியபோது, அவனைப் பாடவும் யாப்பு தயாராக இருந்தது.

ஞாயிறு, டாங்கா

காலையில் போர் நினைவிடத்துக்குப் போனேன். 1914 நவம்பரில் பிரிட்டிஷார் இந்தியாவிலிருந்து சுமார் 8,000 பேரைக் கொண்டுவந்து இந்த ஊரில் இறக்கினார்கள். ஏறக்குறைய ஆயிரம் பேரை மட்டும் வைத்துக்கொண்டு ஜெர்மானியத் தளபதி லெட்டோ-ஃபோர்பெக் அவர்களை விரட்டியடித்தார். நடுவே காட்டுத் தேனீக்கள் கலைந்து கொட்டியதும் சேர்ந்துகொண்டது. அப்படி இறங்கிய படைகளில் ஒன்று 63ஆம் பாளையங்கோட்டைக் காலாட்படை. நம் தாமிரபரணிக் கரை ஊரின் பெயரைத் தாங்கிக்கொண்டு வந்தவர்கள் இந்தத் தென்னந்தோப்புகளுக்கும் ரப்பர் தோட்டங்களுக்கும் நடுவே செத்திருக்கிறார்கள். அவர்களைப் பற்றி ஒரு கும்மிப்பாட்டு, ஒரு சிந்து நம் பக்கம் எங்கேயாவது கிடைத்தால் நான் எவ்வளவு தூரமும் போவேன்.

அந்தச் சண்டை நடந்தபோது டாங்கா பக்கத்து விபம்பானியில் ஓர் ஐந்து வயதுப் பையன் இருந்தான். ஷாபான் ராபர்ட். 1909இல் பிறந்தவர், சுங்க அலுவலகத்தில் குமாஸ்தாவாகப் பல ஊர்களில் வேலை பார்த்தவர், பின்னாளில் சுவாஹிலி இலக்கியத்தின் பெரும்பெயர். இரண்டாம் உலகப் போரை, 1939 முதல் 1945 வரை, உட்டென்ஸியாகவே எழுதினார். ஏறக்குறைய 3,000 செய்யுள். ஹிட்லரும் முசோலினியும் எட்டு அசைக்குள் வந்து உட்கார்ந்தார்கள். அவர் 1962இல் இறந்த பிறகு, 1967இல்தான் அது நூலாக வந்தது. அந்தப் போரில் கிழக்கு ஆப்பிரிக்க வீரர்கள் இலங்கையில் பயிற்சி எடுத்துப் பர்மாக் காட்டில் சண்டை போட்டார்கள் என்பதும் நம் பக்கம் அதிகம் பேசப்படாத ஒன்று.

அந்தப் பாட்டில் பிரிட்டன் வெல்ல வேண்டும் என்ற தொனி இருக்கிறது. ஆனால் அதன் பெயரிலேயே 'விடுதலைப் போர்' என்று இருக்கிறது. யாருடைய விடுதலை என்று படிக்கிறவன் கேட்டுக்கொள்ளட்டும் என்று விட்டிருக்கிறார். இந்தப் பயணத்தில் நான் தேடுவதும் அதைத்தான்: ஆளுகிறவனின் கண்ணெதிரே எழுதிய கவிஞன் எதைச் சொன்னான், எதை எங்கே வைத்துச் சொன்னான்.

திங்கள், பங்கானி

டாங்காவிலிருந்து தெற்கே கிட்டத்தட்ட 50 கிலோமீட்டர். வழியில் சிசல் கற்றாழைத் தோட்டங்கள். 1893இல் ரிச்சர்டு ஹிண்டார்ஃப் என்ற ஜெர்மானியர் ஃபுளோரிடாவிலிருந்து தருவித்து நட்டதிலிருந்து பெருகியவை. சாம்பல் பச்சையில் ஒரே சீராகப் போய்க்கொண்டே இருக்கும் வரிசைகளைப் பார்த்தாலே கயிறும் கூலியும்தான் மனதில் வருகின்றன.

பங்கானி அழகான, தூங்கி வழிகிற ஊர். ஆற்றின் முகத்துவாரத்தில் இருக்கிறது. பாந்தோனியில், அதாவது மிதவைப் படகில், அக்கரைக்கு, ப்வேனிக்குப் போய், அங்கிருந்து திரும்பிப் பார்த்தேன். செதுக்கிய கதவுகள் கொண்ட பழைய வீடுகள், போமா என்கிற அரசுக் கட்டடம், தென்னை. 1888இல் கரும்புத் தோட்டங்களும் யானைத் தந்த வணிகமும் அடிமை வணிகமும் கொழித்த ஊர் இது. அதை மறைத்துவிட்டு இந்த ஊரின் எதிர்ப்பைப் பேசக்கூடாது. எதிர்த்தவர்களில் அடிமைகளை வைத்திருந்த பெருந்தனக்காரர்களும் உண்டு.

நடந்தது இதுதான். ஜான்சிபார் சுல்தான், 1888 ஏப்ரலில், கடற்கரையின் நிர்வாகத்தை ஜெர்மன் கிழக்கு ஆப்பிரிக்கக் கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்டார். ஆகஸ்டில் கம்பெனியின் ஆள் எமில் ஃபொன் செலெவ்ஸ்கி பங்கானிக்கு வந்து தன் கொடியை ஏற்ற வேண்டும் என்று நின்றார். சுல்தானின் வாலி, அதாவது ஊரை ஆண்ட அவருடைய அதிகாரி, மறுத்தார். கப்பலிலிருந்து கடற்படை வீரர்கள் இறங்கினார்கள். பெருநாள் சமயம். பள்ளிவாசலுக்குள் நாய்களோடு நுழைந்தார்கள் என்பது ஊர் மறக்காத குற்றச்சாட்டு. அடுத்த மாதம் ஊரே திரண்டு ஜெர்மானியர்களை வீட்டுக்குள் அடைத்துவைத்தது. சுல்தானின் தளபதி லாயிட் மேத்யூஸ் வந்துதான் அவர்களை மீட்டுக் கப்பலேற்றினார். கலகம் கரை முழுக்கப் பரவியது. கடைசியில் கம்பெனியின் கையில் தங்கியவை பாகமோயோவும் தார் எஸ் சலாமும் மட்டும்.

தலைமைக்கு வந்தவர் புஷிரி பின் சாலிம், பங்கானித் தோட்டக்காரர். அந்தச் சமயத்தில் இந்தப் பக்கம் வந்து மாட்டிக்கொண்ட ஹான்ஸ் மேயரை 10,000 ரூபாய் பணயம் வாங்கிக்கொண்டு விட்டார். அடுத்த ஆண்டே கிளிமஞ்சாரோ உச்சியில் ஏறிய அதே மேயர்தான். மலை ஏறிய கதை உலகத்துக்குத் தெரியும். அந்த ஆளைப் பிடித்து வைத்திருந்தவரின் பெயர் பாடப்புத்தகங்களுக்கு வெளியே எத்தனை பேருக்குத் தெரியும்?

செவ்வாய், பங்கானி

இன்று முழுக்க ஹெமெதியின் பாட்டு. ஆற்றங்கரையில் ஒரு சாய்ப்புக்குக் கீழே, சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து படித்தேன்.

ஜெர்மானியர் கரையைப் பிடித்த போர் என்று பொருள்படும் தலைப்பு, கூடவே ஹிஜ்ரி 1307 என்ற ஆண்டு. நம் கணக்கில் 1889-90. அவர் இந்தப் பகுதிக்காரர், மார்க்கம் படித்தவர், நடந்ததை அருகில் இருந்து அறிந்தவர். அரபு எழுத்தில் எழுதிய அந்தப் பாட்டு குடும்பத்திலும் ஊரிலும் கைப்பிரதியாக இருந்து, 1960இல் ஜே.டபிள்யூ.டி. ஆலன் செய்த ஆங்கில மொழிபெயர்ப்போடு நூலாக வந்தது. அதாவது, ஜெர்மானியர் வந்து, ஆண்டு, தோற்றுப் போய், பிரிட்டிஷார் வந்து, அவர்களும் கிளம்பப்போகிற நேரத்தில். அவ்வளவு காலம் அந்தப் பாட்டு எந்த அரசின் அலமாரிக்கும் போகாமல் இருந்திருக்கிறது. எழுதியபோது யாரையும் மகிழ்விக்க வேண்டிய தேவை அவருக்கு இல்லை என்பது வரிக்கு வரி தெரிகிறது.

ஹெமெதி இதற்கு வெளியே சமயப் பாட்டுகளும் இயற்றியவர். நபிகளின் பேரர் ஹுசேனைப் பற்றிய உட்டென்ஸி அவருடையது. அதனால் அவர் கையில் பங்கானிச் சண்டை ஊர்த் தகராறாக வரவில்லை. கர்பலாவைப் பாடிய அதே நடையில் வருகிறது. முதலில் இறைவனைத் துதிக்கிறார். சுல்தான்கள் காலத்து அமைதியை நினைத்து ஏங்குகிறார். அப்புறம் ஜெர்மானியன் வருகிறான். பேச்சுவார்த்தை, மறுப்பு, மிரட்டல், திரும்பவும் மறுப்பு. கதை பெரும்பாலும் உரையாடலாகவே ஓடுகிறது. ஒருவர் பேசி முடித்ததும் அடுத்தவர் பேசுகிறார், நடுவில் கவிஞர் விளக்கம் சொல்வது குறைவு. மாற்றார் மதத்தவர் நம் பள்ளிவாசலையும் நம் வழக்கத்தையும் மிதிக்க வந்திருக்கிறார்கள் என்ற கோபம் மேலேயே நிற்கிறது.

இங்கே எனக்கு ரொம்பப் பிடித்தது ஒன்று. அன்றைய ஜெர்மன் அறிக்கைகள் இதை அடிமை வணிகர்களான அரபுகளின் கலகம் என்றே எழுதின. பெர்லின் நாடாளுமன்றத்தில் பணம் ஒதுக்க வைக்க அந்தக் காரணம்தான் வசதியாக இருந்தது. ஹெமெதியின் பாட்டில் வருகிறவர்களோ பல வகை. ஓமானி வழி அரபுகள், கடற்கரைச் சுவாஹிலிகள், சதானியின் ப்வானா ஹேரி, உள்நாட்டுத் தலைவர்கள் என்று ஒவ்வொருவரும் தம் காரணத்தோடு வருகிறார்கள். சேர்வதா வேண்டாமா என்று வாதாடுகிறார்கள். ஒருவரை ஒருவர் நம்பாமலும் இருக்கிறார்கள். ஒற்றைச் சொல்லில் 'கலகம்' என்று அடக்கிவிட முடியாதபடி ஆட்கள் நிறைந்த பாட்டு. அறிக்கை எழுதியவனைவிட அதிகம் பேரைப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரிந்தவர் எழுதியது.

முடிவு நாம் அறிந்ததுதான். 1889இல் ஹெர்மன் விஸ்மன் சூடானிய வீரர்களையும் மொசாம்பிக்கிலிருந்து கொண்டுவந்த ஆட்களையும் சேர்த்துப் படையோடு வந்தார். மே 8ஆம் தேதி பாகமோயோ அருகே புஷிரியின் முகாம் விழுந்தது, ஜூலையில் பங்கானி. டிசம்பர் 15ஆம் தேதி புஷிரியை இந்த ஊரிலேயே தூக்கிலிட்டார்கள். ப்வானா ஹேரி அடுத்த ஆண்டு வரை தாங்கினார்.

பக்கத்தில் வலை முடைந்துகொண்டிருந்தவர் நான் வாய்விட்டுப் படித்ததைக் கேட்டுக்கொண்டே இருந்தார். ஓர் இடத்தில் நிறுத்தச் சொன்னார். "இன்னொரு முறை படிங்க." படித்தேன். அசையை நான் வெட்டிய இடம் சரியில்லை என்று, தானே அந்தச் செய்யுளை ராகத்தோடு சொல்லிக் காட்டினார். பாட்டு அவருக்கு முன்பே தெரியாது. யாப்பு தெரியும், அது போதும். அதற்கப்புறம் மதியச் சாப்பாட்டு நேரம் வரை அவர் பாட, நான் வரியைக் காட்ட, பாட்டு நகர்ந்தது.

வியாழன், பாகமோயோ

முஹேசா, செகேரா, ம்சாட்டா என்று சுற்றி வர வேண்டியிருந்தது. அலுப்பு. ஊரைப் பற்றிச் சுருக்கமாகவே எழுதுகிறேன். 1868இல் தொடங்கிய கத்தோலிக்க மிஷன், 1891 வரை ஜெர்மன் ஆட்சியின் தலைநகராக இருந்த ஊரின் போமா, கடலோரத்தில் ஜெர்மானியர் கல்லறை, அதற்குச் சற்றுத் தள்ளி எதிர்த்தவர்களைத் தூக்கிலிட்ட இடம் என்று ஒரு நினைவுக்கல். கல்லறையில் பெயர்கள் இருக்கின்றன, தூக்கிலிட்ட இடத்தில் இல்லை.

இந்த ஊர்க்காரர் ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. ம்டோரோ பின் ம்வின்யி பக்காரி. குர்ஆன் ஆசிரியர். 1900இல் பெர்லினில் கீழைமொழிப் பள்ளியில் சுவாஹிலி கற்பிக்கப் போனார். கடற்கரை மக்களின் வழக்கங்களைப் பற்றி 1903இல் வந்த பெருநூலின் பெரும்பகுதி அவர் கை எழுத்து, வெளியிட்டவர் அவரது மேலாளர் கார்ல் ஃபெல்டன். ம்டோரோ ஒரு ஜெர்மன் பெண்ணை மணந்தார். மாணவர்கள் மதிக்க மறுத்தார்கள், 1905இல் வேலையை விட்டார். மனைவியோடு ஊர் திரும்ப வந்தபோது தார் எஸ் சலாமில் இறங்கவே விடவில்லை. திரும்ப ஜெர்மனிக்கே போய் 1927இல் பெர்லினில் இறந்தார். காலனிக்காரன் சுவாஹிலியைக் கற்க அவர் வேண்டும், ஆனால் மனைவியோடு சொந்தக் கரையில் கால் வைக்க அனுமதி கிடையாது. இதை எழுதும்போதும் எனக்குக் கோபமாகத்தான் வருகிறது.

வெள்ளி, தார் எஸ் சலாம்

ஃபெல்டன் என்று பெயர் சொன்னேன். அவர் 1893 முதல் 1896 வரை இங்கே ஆளுநரின் மொழிபெயர்ப்பாளர். சுவாஹிலிப் பாட்டுகளைத் தேடிச் சேகரித்தார், ஊர் எழுத்தறிந்தவர்களிடம் எழுதித் தரச் சொன்னார். 1907இலும் 1918இலும் அவர் வெளியிட்ட தொகுப்புகளில்தான் ஜெர்மன் காலத்துப் பாட்டுகளில் பல நமக்குக் கிடைக்கின்றன. அவருக்கு முன் ப்யூட்னர் 1894இல் ஒரு தொகுப்பு கொண்டுவந்தார். இவற்றில் அரசைப் புகழும் வரிகள் நிறைய. விஸ்மனின் வீரம், பீரங்கியின் ஓசை, ஒழுங்கு, நீதி. ஹெஹே மன்னன் ம்க்வாவா 1898இல் பிடிபடாமல் தன்னைச் சுட்டுக்கொண்டதைப் பற்றியும் ஒரு பாட்டு உண்டு. ம்வென்யி ஷொமாரி பின் ம்வென்யி காம்பி எழுதியது.

இவர்களைத் துரோகிகள் என்று ஒதுக்குவது சுலபம். எனக்கு அதில் ஒப்புதல் இல்லை. பாட்டைக் கேட்டு வாங்கியவன் ஆளுநரின் ஆள். எழுதியவர்களில் பலர் அந்த அரசில் வேலையில் இருந்தவர்கள். புரவலனைப் புகழ்வது இந்தக் கரையின் பழைய வழக்கம், பட்டே சுல்தானுக்கும் அப்படித்தான் பாடினார்கள். அப்படிப் பாடிக்கொண்டே எதிரியின் துணிச்சலையும் எத்தனை செய்யுளுக்கு விரித்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். தோற்றவனுக்குக் கிடைத்த செய்யுள்கள் கொஞ்சமல்ல.

பிற்பகல் பல்கலைக்கழக மலைக்குப் போனேன். 1960களில் ஆலன் ஊர் ஊராகப் போய்த் திரட்டிய கைப்பிரதிகள் நூலகத்தில் இருக்கின்றன. ஒரு பிரதியின் நகலைக் காட்டினார்கள். ஒரு செய்யுள் ஒரே வரியில் கிடக்கிறது, நான்கு துண்டுகளுக்கும் நடுவே சிறு அடையாளங்கள். நான்காவது துண்டின் இயைபு பக்கத்தின் இடது ஓரத்தில் ஒரு கம்பம் போல மேலிருந்து கீழாக நிற்கிறது. கண்ணாலேயே பாட்டின் அமைப்பு தெரிந்துவிடுகிறது. லத்தீன் எழுத்தில் நான்கு வரியாக உடைத்து அச்சிட்டதும் அது காணாமல் போகிறது. வடக்கே லாமுவில் முகமது கிஜுமா என்ற கவிஞர், மரச்செதுக்காளர், 1945இல் இறக்கும்வரை ஐரோப்பிய அறிஞர்களுக்கு இப்படிப் பிரதி எழுதித் தந்துகொண்டே இருந்தார். அவர் கையெழுத்து இன்று லண்டனிலும் ஜெர்மனியிலும் இருக்கிறது.

நகரின் நடுவில் 1927இல் பிரிட்டிஷார் வைத்த அஸ்காரி, அதாவது ஆப்பிரிக்கப் படைவீரன், சிலை நிற்கிறது. அந்த இடத்தில் முன்பு விஸ்மன் சிலை இருந்தது. அதை எடுத்துவிட்டார்கள், அது ஹாம்பர்க் பல்கலைக்கழக வாசலுக்குப் போய், 1968இல் மாணவர்கள் கயிறு கட்டி இழுத்துத் தள்ளும்வரை நின்றது.

ஞாயிறு, கில்வா கிவிஞ்சே

தெற்கே பேருந்தில் பாதி நாள். நங்குருகுரு சந்திப்பில் இறங்கி மோட்டார் சைக்கிளில் கடலுக்கு. கூரை இழந்த வணிகர் வீடுகள், கடலைப் பார்த்து உடைந்து நிற்கும் ஜெர்மன் போமா. சாயங்காலம் முழுக்க நடந்தேன்.

ஹசன் பின் ஓமாரி மகுங்கன்யா இந்தப் பக்கத்தின் பெரும் வணிகர். 1894இல் கில்வாவைத் தாக்கினார், 1895இல் பிடிபட்டுக் கூட்டாளிகளோடு தூக்கிலேறினார். தூக்கிலிட்ட இடத்தை ம்வெம்பே கின்யோங்கா என்கிறார்கள், தூக்கு மாமரம். மரம் இப்போது இல்லை, பெயர் இருக்கிறது. அவரைப் பற்றி ம்ஸே பின் அலி பின் கிடிகோ எழுதிய பாட்டு ஃபெல்டன் தொகுப்பில் இருக்கிறது. அரசின் கை எவ்வளவு நீளம் என்று சொல்கிற பாட்டு. ஆனால் இந்த ஊர்க்காரர்களுக்கு மகுங்கன்யாவின் பெயர் இன்றும் தெரியும். பழம் விற்ற அம்மா ஒருவர் என் கேள்வி முடியும் முன்பே கையை நீட்டி இடத்தைக் காட்டினார்.

செவ்வாய், லிண்டி

வளைகுடாவைச் சுற்றி இறங்கும் ஊர். வெயில் கொளுத்துகிறது. இங்கேதான் அப்துல் கரீம் மஜி மஜிப் போரைப் பாடினார். மஜி என்றால் நீர்.

1905 ஜூலை கடைசியில், கில்வாவுக்கு மேற்கே மாட்டும்பி மலைகளில் மக்கள் பருத்திச் செடிகளைப் பிடுங்கி எறிந்தார்கள். ஆளுநர் கோட்ஸன் ஆட்சியில் ஊருக்கு ஊர் கட்டாயப் பருத்தித் தோட்டம், கிடைத்த கூலி கண்துடைப்பு, 1898 முதல் குடிசை வரி வேறு. ங்கராம்பேயில் கிஞ்சிகிட்டிலே ங்வாலே என்பவர் தந்த மருந்து நீர் குண்டுகளை நீராக்கும் என்ற நம்பிக்கை, ஒருவரை ஒருவர் அறியாத இனக்குழுக்களைச் சேர்த்தது. ஆகஸ்டு தொடக்கத்திலேயே அவரைத் தூக்கிலிட்டுவிட்டார்கள். போர் அதற்குப் பிறகுதான் பரவியது. 1907 வரை நீடித்தது. பயிரையும் களஞ்சியத்தையும் எரித்துப் பட்டினி போட்டே அடக்கினார்கள். இறந்தவர்கள் 75,000 முதல் 3,00,000 வரை என்று மதிப்பிடுகிறார்கள்.

அப்துல் கரீமின் பாட்டு 1933இல் ஒரு ஜெர்மன் ஆய்விதழில் அச்சானது, 1957இல் வைட்லி ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். இதைப் படித்தால் ஹெமெதி போல இருக்கும் என்று எதிர்பார்க்கிறவர்கள் ஏமாறுவார்கள். போராளிகள் பக்கம் இவர் முழுதாக நிற்கவில்லை. அவர்கள் அறியாமல் அழிவைத் தேடிக்கொண்டார்கள் என்ற தொனி திரும்பத் திரும்ப வருகிறது.

ஏன் என்பதற்கு என் விளக்கம் இது. 1888இல் கொடியை எதிர்த்தது கடற்கரை. அது தோற்றபின், எழுதப் படிக்கத் தெரிந்த கடற்கரைக்காரர்களையே ஜெர்மானியர் அகிடா என்ற அதிகாரிகளாக உள்நாட்டு மக்கள்மேல் உட்கார வைத்தார்கள். பருத்தி வேலையை வாங்கியது அகிடா, வரியைப் பிரித்தது அகிடா. 1905இல் கோபம் முதலில் பாய்ந்தது அவர்கள்மேலும் அரபு வணிகர்கள்மேலும்தான். பாட்டு எழுதத் தெரிந்த வர்க்கம் இப்போது தாக்கப்பட்ட பக்கம் இருக்கிறது. மாட்டும்பிக்காரர்களும் ங்கோனிக்காரர்களும் தங்களுக்குள் என்ன பாடினார்கள் என்பது எட்டு அசையில், அரபு எழுத்தில் வரவில்லை. அதனால் யாரும் பெர்லினுக்கு அனுப்பவில்லை.

இப்படிச் சொன்னதற்கு இங்கே ஒரு மேல்நிலைப்பள்ளி ஆசிரியை மறுப்புச் சொன்னார். கறிக்கடைக்குப் பக்கத்தில் அவர் அண்ணன் நடத்தும் சாப்பாட்டுக் கடையில், உகாலி என்ற சோளக்களியும் தேங்காய்ப்பால் மீனும் வைத்துக்கொண்டு, ஒரு மணி நேரம் பேசினோம். "அப்துல் கரீம் அதிகாரிகளுக்குப் பயந்தவர் என்று சொல்லிவிட்டால் நீங்கள் அவரை ஒரு வரியில் முடித்துவிடுகிறீர்கள், கக்கா (அண்ணா)" என்றார். செத்தவர்களையும் பசியையும் ஓடியவர்களையும் இத்தனை செய்யுளில் யார் எழுதி வைத்தார்? ஜெர்மன் அதிகாரி எழுதினாரா? ஊரே அழிந்தபோது, கண்டதைச் சொல்ல வேண்டும் என்ற பொறுப்பு அவருக்கு இருந்தது, அதைச் செய்தார். யார் பக்கம் என்பது இரண்டாவது கேள்வி என்பது அவர் கட்சி. எனக்கு அது முதல் கேள்விக்குப் பக்கத்திலேயே இருக்கிற கேள்வி. இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை.

அவருக்குப் பாட்டின் முழு அச்சு இதுவரை கிடைத்ததில்லை, பள்ளி நூலகத்தில் சில செய்யுள்கள்தான். என் நகலைத் தந்தேன். கடைத்தெருவில் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு வந்தார். மூலம் ஒரு பக்கம், மொழிபெயர்ப்பு ஒரு பக்கமாக ஒட்டி, வகுப்பில் பிள்ளைகளைப் பகுதி பகுதியாகப் பாட வைக்கப் போகிறாராம். அகிடா வருகிற இடத்தை எந்தப் பையனுக்குக் கொடுப்பது என்று அங்கேயே யோசிக்க ஆரம்பித்துவிட்டார்.